கிண்ணம் வரை வந்து திரும்பிப் போகும் பூனை

கேள்வி: எங்கள் செல்லிக்கு 15 வயது. மூன்று நாள்களாகச் சாப்பிடவில்லை. கிண்ணத்தருகே வருகிறாள், முகர்ந்து பார்க்கிறாள், உதட்டை நக்கிக்கொண்டு திரும்பிப் போய்விடுகிறாள். தண்ணீர் மட்டும் வழக்கத்தைவிட அதிகமாகக் குடிக்கிறாள். ‘வயதாகிவிட்டது, அப்படித்தான் இருக்கும்’ என்கிறார்கள். செல்லப்பிராணிக் கடையில் பசியைத் தூண்டும் டானிக் ஒன்று கொடுத்தார்கள். ஊற்றினால் வாயில் நுரை தள்ளுகிறது. சிரிஞ்சில் பால் புகட்டலாமா? இந்த வயதில் மருத்துவமனைக்குக் கொண்டுபோய் அலைக்கழிக்க மனம் வரவில்லை.

பதில் (கால்நடை மருத்துவர்): இன்றே கொண்டுபோங்கள். அதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைப் பேச முடியும். உங்கள் கடிதத்தில் ‘மூன்று நாள்’ என்ற இடத்தைத் தாண்டி என் கண் நகரவில்லை.

நாயோ மனிதரோ சில நாள் பட்டினி கிடந்தால் உடம்பில் சேர்த்து வைத்த கொழுப்பை எரித்துச் சமாளித்துக்கொள்ள முடியும். பூனையின் ஈரலுக்கு அந்தச் சாமர்த்தியம் குறைவு. சாப்பாடு நின்றதும் உடம்பின் கொழுப்பு ஈரலை நோக்கிப் புறப்பட்டு வருகிறது. வந்ததை வெளியேற்ற முடியாமல் ஈரலே கொழுப்பில் அடைபட்டுப் போகிறது. ஈரல் கெட்டால் குமட்டும், குமட்டினால் சாப்பிடாது, சாப்பிடாவிட்டால் ஈரல் இன்னும் கெடும். இந்தச் சுழல் சில நாள்களிலேயே தொடங்கிவிடலாம். குண்டான பூனைக்கு ஆபத்து இன்னும் அதிகம். ‘உடம்பில் சதை இருக்கிறது, தாங்கும்’ என்ற கணக்கு பூனையிடம் தலைகீழ். செல்லியின் காது மடலின் உட்புறத்தையும் ஈறுகளையும் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். மஞ்சள் சாயல் தெரிந்தால் இந்தப் பதிலை முழுதாகப் படிக்கக்கூட உட்காராதீர்கள்.

நான் வைத்திருக்கும் கணக்கு எளிமையானது. வயதான பூனை ஒரு நாள் முழுக்கச் சாப்பிடவில்லை என்றால் மருத்துவருக்குத் தொலைபேசி, இரண்டு நாள் என்றால் நேரில். ‘குழம்பை நக்கினாளே’ என்பதைச் சாப்பாட்டில் சேர்க்காதீர்கள். 4 கிலோ எடையுள்ள பூனைக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 200 கலோரி வேண்டும். நாலு நக்கலில் வருவது அதில் ஒரு மூலைக்குக்கூடப் போதாது.

அடுத்து, ‘வயதாகிவிட்டது’. பூனை சாப்பாட்டை நிறுத்துவதற்கு வயது ஒரு காரணமே அல்ல. வயதில் வரும் நோய்கள் காரணம், அவற்றில் பலவற்றுக்கு மருந்து இருக்கிறது. நீங்கள் எழுதியதில் இரண்டு தடயங்கள் உள்ளன. ஒன்று, அதிகத் தண்ணீர். வயதான பூனை அதிகமாகக் குடித்தால் முதல் சந்தேகம் சிறுநீரகத்தின் மேல், அடுத்தது சர்க்கரை நோய், அதற்கடுத்தது தைராய்டு. மற்றொன்று, கிண்ணம் வரை வந்து உதட்டை நக்கிவிட்டுத் திரும்புவது. பசியே இல்லாத பூனை கிண்ணத்தை எட்டியும் பார்க்காது. இவளுக்குப் பசிக்கிறது, குமட்டல் தடுக்கிறது. எச்சில் ஊறுவதால்தான் அந்த நக்கலும், அடிக்கடி விழுங்குவதும்.

பல்வலி வேறு மாதிரி இருக்கும். பூனை ஒரு துண்டை வாயில் எடுக்கும், சட்டென்று தலையை உதறிக் கீழே போடும், கிண்ணமே கடித்துவிட்டது போல அதைப் பார்த்துச் சீறிவிட்டு ஓடும். செல்லி அப்படிச் செய்திருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். தலையைத் தூக்க முடியாமல் முகவாய் மார்பில் படிந்து தொங்கினால் அது சோகம் இல்லை. பொட்டாசியம் குறைந்து கழுத்துத் தசை சோர்ந்திருக்கலாம். சிறுநீரக நோயில் இது வருவதுண்டு, கொடுக்க வேண்டியதைக் கொடுத்தால் கழுத்து பெரும்பாலும் நிமிர்ந்துவிடும்.

இப்போது அந்த டானிக். நுரை தள்ளுவது கசப்புக்குப் பூனை காட்டும் எதிர்ப்பு, நஞ்சு என்று அஞ்ச வேண்டாம். ஆனால் ஊற்றுவதை நிறுத்துங்கள். குமட்டலோடு இருக்கும் பூனைக்குக் கசப்பு மருந்தை வாயில் திணித்தால், அடுத்த வேளை உங்கள் கையைக் கண்டாலே ஓடும். கடைக்காரரைக் குறை சொல்ல எனக்கு ஆசையில்லை. அவர் வேலை விற்பது. ஆனால் கல்லாவுக்குப் பின்னால் நிற்பவர் பூனையைப் பார்க்காமலே மருந்து எடுத்துத் தருவதும், அதை நாம் வைத்தியம் என்று வாங்கிக்கொண்டு இரண்டு நாள் காத்திருப்பதும்தான் என் மேசைக்கு வரும் பாதிப் பூனைகளின் கதை. பாட்டில் விலை பெரிய நஷ்டமில்லை. போன இரண்டு நாள் திரும்பி வராது.

அதைவிட மோசமானது வீட்டுக்கு வந்து ‘பசி ஊசி’ போடும் ஆட்கள். ஆய்வகத்துக்கு இரத்தம் எடுத்துக் கொடுப்பது, கடைகளுக்கு மருந்து சேர்ப்பது என்று எங்கேயோ ஓர் ஓரத்தில் தொழிலைக் கற்றவர்கள். படிப்பைக் கேட்டால் அனுபவத்தைச் சொல்வார்கள். அவர்கள் போடும் ஊசி பெரும்பாலும் நெடுநாள் வேலை செய்யும் ஸ்டீராய்டு. போட்ட மறுநாள் பூனை எழுந்து சாப்பிடும், வீடே கையெடுத்துக் கும்பிடும். அப்படி ஒரு பூனை என்னிடம் வந்தது. 13 வயது, ஆண். இரண்டு வாரம் நன்றாகச் சாப்பிட்டதாம், பிறகு பழையபடி. மறுபடி ஊசி. மூன்றாவது முறை ஊசிக்கு அசையவில்லை. நான் வயிற்றைத் தொட்டபோது குடலில் கட்டி விரலுக்குத் தட்டுப்பட்டது, இரத்தத்தில் சர்க்கரையும் ஏறியிருந்தது. அந்தக் கட்டி நிணநீர்ப் புற்றுநோய் என்றால், ஸ்டீராய்டு அதைக் கொஞ்ச நாள் சுருக்கி மறைத்துவிடும். பரிசோதனை செய்தாலும் சரியாகப் பிடிபடாது, பின்னால் கொடுக்கும் மருந்தும் எதிர்பார்த்தபடி வேலை செய்யாது. பூனைக்குச் சர்க்கரை நோயைக் கிளப்பிவிடவும், இதயம் பலவீனமாக இருந்தால் அதைத் தள்ளாடவைக்கவும் இந்த ஊசியால் முடியும். ஸ்டீராய்டு கெட்ட மருந்து இல்லை, நானும் எழுதுகிறேன். நோய்க்குப் பெயர் வைத்த பிறகு எழுதுகிறேன். பெயர் தெரியாமல் எவர் ஊசி ஏற்ற வந்தாலும், ‘இதில் என்ன மருந்து, எழுதிக் கொடுங்கள்’ என்று கேளுங்கள். எழுதித் தரத் தயங்கினால் வாசலைக் காட்டுங்கள்.

வீட்டு மருந்துப் பெட்டியில் இருக்கும் பாராசிட்டமால் பக்கம் போகவே கூடாது. அதை முறித்து வெளியேற்றும் வழி பூனையின் ஈரலில் ஏறக்குறைய இல்லை. ஒரே மாத்திரை கொன்றுவிடும்.

பால் வேண்டாம். வளர்ந்த பூனைகளில் பலவற்றுக்குப் பால் செரிக்காது; ஏற்கெனவே நீர் வற்றிய உடம்புக்கு வயிற்றுப்போக்கையும் சேர்த்துக் கொடுப்பீர்கள். பாலைத் தள்ளிவிட்டு வேறெதையாவது சிரிஞ்சில் புகட்டலாமா என்றால், குமட்டல் அடங்கும் வரை அதுவும் வேண்டாம். தலையை அண்ணாத்திப் பிடித்து ஊற்றும்போது திரவம் மூச்சுக்குழாயில் இறங்கும். பிறகு நீங்கள் சிறுநீரகத்துக்காக வர மாட்டீர்கள், நிமோனியாவுக்காக வருவீர்கள். இன்னொரு தீங்கு மெதுவாகத் தெரியும். குமட்டும் நேரத்தில் வாயில் திணித்த உணவைப் பூனை மறக்காது. உடம்பு தேறிய பிறகும் அந்த மணம் வந்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

புறப்படும் வரை செய்யக்கூடியது ஒன்றுண்டு. பூனை நாக்கால் சாப்பிடுவதைவிட மூக்கால் சாப்பிடும் பிராணி. குளிர்பெட்டியிலிருந்து எடுத்த உணவுக்கு மணம் இல்லை. ஈர உணவை ஒரு தேக்கரண்டி மட்டும் எடுத்து, கிண்ணத்தை வெந்நீரில் வைத்து, பூனையின் உடல் வெப்பமான 38 டிகிரி அளவுக்குச் சூடாக்குங்கள். உங்கள் மணிக்கட்டில் வைத்தால் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். மீசை இடிக்காத தட்டையான தட்டில், மலத்தொட்டியை விட்டுத் தள்ளி வையுங்கள். கால் மணி நேரம் தொடாவிட்டால் எடுத்துவிடுங்கள். ஏழெட்டுக் கிண்ணத்தைச் சுற்றி அடுக்கி வைப்பது உங்கள் மன ஆறுதலுக்கு, அவளுக்குக் குமட்டல் ஏறும். வேகவைத்த கோழியின் சாறு கொடுக்கலாம், வெங்காயமும் பூண்டும் ஒரு துளியும் சேராமல். அவை பூனையின் சிவப்பணுக்களை உடைக்கும். அவள் தின்றாலும் பயணத்தை ரத்து செய்யாதீர்கள்.

மருத்துவமனையில் என்ன நடக்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு போனால் ஏமாற மாட்டீர்கள். எடை பார்க்க வேண்டும், கிராம் கணக்கில். 4 கிலோ பூனையில் 400 கிராம் குறைவது பத்தில் ஒரு பங்கு. மனிதரில் அவ்வளவு குறைந்தால் வீடு பதறும். சென்ற முறை எடையோடு ஒப்பிட வேண்டும் என்பேன், ஆனால் எத்தனையோ இடங்களில் சென்ற முறை எடையே குறித்திருக்காது. நாய்க்கென்று வாங்கிய பெரிய எடைமேடையில் பூனையை நிற்கவைத்து ‘நாலு கிலோ இருக்கும்’ என்று எழுதுவார்கள். கேட்டால் சிரிப்பார்கள். இரத்தப் பரிசோதனையோடு சிறுநீரையும் பார்க்கச் சொல்லுங்கள். சிறுநீரின் அடர்த்தி தெரியாமல், சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் இரத்தத்தில் எவ்வளவு என்ற எண்ணை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்வது அரைகுறை. நீர்வறட்சியாலும் அந்த எண் ஏறும். இரத்த அழுத்தம், வாய், வயிறு மூன்றையும் பார்க்க வேண்டும். தோலை இழுத்துவிட்டு நீர்வறட்சி சொல்வது கிழப் பூனையிடம் பலிக்காது, தோல் எப்படியும் தளர்ந்துதான் இருக்கும். ஈறு வறண்டு விரலில் ஒட்டுகிறதா என்று பார்ப்பது மேல்.

பிறகு வரிசை முக்கியம். முதலில் நீர் ஏற்றுதல், குமட்டலை நிறுத்துதல். மாரோபிட்டன்ட் என்ற மருந்து அதற்கு உண்டு. அதன் பிறகே பசி மருந்து. உண்மையான பசி மருந்தும் இருக்கிறது: மிர்டாசபின். காது மடலின் உள்ளே தடவும் களிம்பாக 2018இல் அமெரிக்காவில் பூனைகளுக்கென்றே அனுமதி பெற்றது. மாத்திரை விழுங்க மறுக்கும் பூனைக்கு அது வரம்; சிறுநீரகம் பழுதென்றால் இடைவெளி விட்டுத்தான் தருவோம், அதனால் நீங்களாக வாங்கித் தடவக் கூடாது. மூன்று நாள் பட்டினிக்குப் பிறகு ஒரேயடியாக வயிறு நிறையக் கொடுப்பதும் தவறு. இரத்தத்தில் பாஸ்பரசும் பொட்டாசியமும் சரிந்து புது ஆபத்து வரும். முதல் நாள் தேவையில் மூன்றில் ஒரு பங்கு, பிறகு படிப்படியாக.

இரண்டு நாளில் தானாகச் சாப்பிடாவிட்டால் கழுத்து வழியாக உணவுக்குழாய்க்குள் மெல்லிய குழாய் வைக்கலாம் என்பார்கள். கேட்டவுடன் எல்லாரும் முகம் சுளிக்கிறார்கள். நான்கூட ஒரு காலத்தில் தயங்கியவன்தான். சிறு மயக்கத்தில் சில நிமிடங்களில் முடியும் வேலை அது. கழுத்தில் துணிப்பட்டியோடு பூனை வீட்டில் சாதாரணமாக உலாவும், குழாய் இருக்கும்போதே வாயாலும் சாப்பிடும், மருந்தும் அதிலேயே போகும். வாயைப் பிடித்துத் திணிக்கும் தினசரிப் போராட்டம் இல்லை. குணமாகக்கூடிய நோய் என்றால் தயங்காமல் ஒப்புக்கொள்ளுங்கள். குணமாகாத நோயின் கடைசிக் கட்டம் என்று பரிசோதனை சொன்னால் குழாய் வேண்டாம். வலியின்றி விடைகொடுப்பது பற்றி மருத்துவரிடம் வெளிப்படையாகப் பேசுங்கள்.

ஒரு விதிவிலக்கை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும், இதில்தான் நல்ல மனிதர்கள் தவறு செய்கிறார்கள். சிறுநீரக நோய் உறுதியானால், புரதமும் பாஸ்பரசும் குறைத்த தனி உணவை எழுதித் தருவார்கள். அது நல்ல உணவுதான், ஆயுளை நீட்டும். ஆனால் அந்த விதி சாப்பிடுகிற பூனைக்கு. சாப்பிடாத பூனைக்கு அந்த விதி பொருந்தாது. சிறுநீரக உணவை மட்டும் வைத்துவிட்டு, ‘வேறெதுவும் கொடுக்கக் கூடாது என்றார்களே’ என்று பூனை பட்டினி கிடப்பதைக் கண்ணீரோடு பார்த்துக்கொண்டிருந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். பட்டினி கிடந்தால் உடம்பு தன் தசையையே கரைத்துத் தின்னும். அந்தப் புரதக் கழிவும் அதே சிறுநீரகத்துக்குத்தான் போகும். எதைத் தவிர்க்க உணவை மாற்றினோமோ அதுவே நடக்கும். இந்த வாரம் செல்லி எதைத் தின்கிறாளோ அதுதான் நல்ல உணவு, குட்டிப் பூனைக்கான டப்பாவாக இருந்தாலும் சரி. குமட்டல் நின்று, எடை நிலைத்து, தானாகத் தட்டைத் தேடி வரும் நாளில் தனி உணவைச் சிறிது சிறிதாகக் கலந்து சில வாரங்களில் மாற்றுங்கள். மருத்துவமனைக் கூண்டில் மட்டும் அதை அறிமுகப்படுத்தவே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அந்த மணத்தைக் கூண்டோடும் ஊசியோடும் சேர்த்து நினைவில் வைத்துக்கொண்டால் பிறகு காலத்துக்கும் தொட மாட்டாள். இதை மருந்துச்சீட்டில் ஒரு வரி சேர்த்து எழுத எத்தனை நேரம் ஆகும்? யாரும் எழுதுவதில்லை.

அலைக்கழிப்பு பற்றிக் கேட்டிருந்தீர்கள். கூடையில் அவள் படுத்த துணியையே போடுங்கள், மேலே ஒரு துண்டைப் போர்த்துங்கள். காத்திருக்கும் இடத்தில் தரையில் வைக்காமல் மடியிலோ நாற்காலியிலோ வையுங்கள். நாய்களின் மூக்கு மட்டத்தில் பூனை உட்கார வேண்டியதில்லை. முன்கூட்டியே அழைத்து, ‘சாப்பிட்டு மூன்று நாள் ஆகிறது, வயது 15’ என்று சொல்லுங்கள். ‘இன்னும் இரண்டு நாள் பார்ப்போம்’ என்று பதில் வந்தால் வேறு எண்ணை அழையுங்கள்.

கடைசியாக எப்போது முழு வேளை தின்றாள், எத்தனை முறை சிறுநீர் போகிறாள், வாந்தி உண்டா, கடைசியாக மலம் கழித்தது எப்போது என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். அந்த டானிக் பாட்டிலையும் எடுத்துப் போங்கள். அதில் என்ன கலந்திருக்கிறது என்று மருத்துவர் படித்துப் பார்க்க வேண்டும்.