நவீன நடனத்தில் ஆப்பிரிக்கச் சாயல் என்பது எது?

சுருக்கமாகச் சொன்னால், உடம்பு ஒரே நேரத்தில் பல தாளங்களுக்கு ஆடுவது.

மேற்கு ஆப்பிரிக்க மேளக் குழுவில் ஒவ்வொரு மேளமும் தனித் தாளம் வாசிக்கும். ஆடுபவர் ஒன்றைப் பாதத்தில் வாங்குவார், இன்னொன்றை இடுப்பில், மற்றொன்றைத் தோளில். கை அடுப்பில் கிளறிக்கொண்டிருக்க, கால் தொட்டிலை ஆட்டுமே, அப்படித்தான். வேகம் வேறு வேறு, ஆள் ஒருவர்தான். முழங்கால் மடங்கியிருக்கும், எடை மண்ணை நோக்கி இறங்கும். ஐரோப்பிய மேடை நடனமான பாலே (ballet) இதற்கு நேர்மாறு: முதுகு நிமிர்ந்து, நுனிக்காலில் மேலே எழும்பும்.

மானுடவியல் படித்த அமெரிக்க நடனக் கலைஞர் கேத்தரின் டன்ஹம் 1935-ல் கரீபியத் தீவுகளுக்குப் போனார். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்தோர் ஹைட்டியில் சடங்குகளில் ஆடுவதைக் கவனித்தார், சேர்ந்தும் ஆடினார். அந்த அசைவுகளைப் பாலேவோடு கலந்து ஒரு பயிற்சி முறையையே உருவாக்கிவிட்டார். தோளை மட்டும், இடுப்பை மட்டும் தனியாக அசைப்பது அதில் முக்கியப் பாடம். பார்க்கச் சுலபம், செய்து பார்த்தால் தெரியும்!

அப்புறம், ‘ஆப்பிரிக்க நடனம்’ என்று ஒரே நடனம் கிடையாது. செனகலின் சபார் துள்ளிப் பாயும். தென்னாப்பிரிக்கச் சுரங்கத் தொழிலாளர்களின் கம்பூட் நடனமோ ரப்பர் பூட்ஸைத் தட்டித் தட்டி ஆடுவது.