கடைசிச் சரணம் இல்லாத பாட்டு

அன்புள்ள ஐயா,

எனக்குக் காவேரிப்பட்டணம் பக்கம் ஊர். ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை. ஐந்து பேர் ஒரே ரூமில் தங்கியிருக்கிறோம். சனிக்கிழமை ராத்திரி ஸ்பீக்கரில் பாட்டுப் போடுவோம், ஆளுக்கு மூன்று பாட்டு என்று முறை. என் முறை வந்தாலே "மாத்துடா" என்கிறார்கள். எனக்குப் பிடித்ததெல்லாம் எண்பதுகளில் வந்து ஓடாமல் போன படங்களின் பாட்டுகள். அப்புறம் என் தாத்தா கூத்தில் பாடியதை அப்பா போனில் பிடித்து வைத்திருக்கிறார். நாற்பது நிமிடம் இருக்கும், அதையும் அடிக்கடி கேட்பேன். போன டிசம்பரில் பாட்டு ஆப், 'இந்த வருடம் நீங்கள் அதிகம் கேட்டவை' என்று காட்டியது. முதல் ஐந்தில் ஒன்றுகூட ரூமில் யாருக்கும் தெரியவில்லை. சரி என்று, அதே ஆப்பில் வரும் 'முதல் ஐம்பது' பட்டியலை ஒரு வாரம் முழுக்கக் கேட்டுப் பார்த்தேன். எதுவும் மனசில் ஒட்டவில்லை. கோளாறு என்னிடமா? இல்லை, ஜனங்களுடைய ரசனை கெட்டுப்போய்விட்டதா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்)

அன்புள்ள தம்பி,

உங்களிடம் ஒரு கோளாறும் இல்லை. ஜனங்களுடைய ரசனை கெட்டுவிட்டது என்பதையும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஒன்று நீங்கள், இல்லை அவர்கள், இரண்டில் ஒன்றுதான் என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கேள்வியே உங்களைத் தேவையில்லாமல் படுத்துகிறது.

முதலில் அந்தப் பட்டியல் எதை எண்ணுகிறது என்று பாருங்கள். ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டு 30 விநாடி ஓடினால் ஒரு தடவை கேட்டதாகக் கணக்கு. உங்களைப் போலக் கண்ணை மூடிக் கேட்டாலும் ஒன்றுதான். கடையில் பாட்டைப் போட்டுவிட்டு வியாபாரத்தைக் கவனித்தாலும் ஒன்றுதான். அந்த எண்ணிக்கை பொய் இல்லை. ஆனால் கேட்டவர்களுக்கு அந்தப் பாட்டு என்னவாக இருந்தது என்பது அதில் வராது, வரவும் முடியாது. நீங்கள் மாம்பழச் சீமைக்காரர், இது உங்களுக்குச் சுலபமாகப் புரியும். எடை போட்டால் பெங்களூராதான் ஜெயிக்கும், கூழ் ஆலைகள் அதைத்தானே லாரி லாரியாக வாங்குகின்றன. அதற்காக மல்கோவா தோற்றுவிட்டது என்று உங்கள் ஊரில் யாராவது சொல்வார்களா?

எண்ணுகிற விதம் மாறினால் முதலிடமும் மாறும். இங்கிலாந்தில் முதல் விற்பனைப் பட்டியல் 1952 நவம்பர் 14ல் நியூ மியூசிக்கல் எக்ஸ்பிரஸ் பத்திரிகையில் வந்தது. சுமார் 20 கடைகளுக்குப் போன் போட்டு 'எது நல்லா விற்குது' என்று கேட்டு எழுதினார்கள், அவ்வளவுதான். அமெரிக்காவின் பில்போர்டு பத்திரிகையும் ரொம்பக் காலம் கடைக்காரர்கள் வாய்வார்த்தையாகச் சொன்னதை நம்பித்தான் ஆல்பம் பட்டியல் போட்டது. 1991ல் கடைக் கவுண்டரில் பார்கோடு ஸ்கேன் ஆவதை வைத்து எண்ணத் தொடங்கினார்கள். உடனே ராப், கண்ட்ரி, ஹெவி மெட்டல் வகை ஆல்பங்கள் எல்லாம் மேலே ஏறிவிட்டன. ஒரே மாதத்தில் ஒரு தேசத்தின் காது மாறிவிடுமா? அவர்கள் முன்பும் அதைத்தான் வாங்கிக்கொண்டிருந்தார்கள். போனில் பதில் சொன்ன கடைக்காரருக்கு அது சொல்ல வேண்டிய விஷயமாகத் தோன்றவில்லை.

2002ல் பிபிசி உலக சேவை தன் 70ஆம் ஆண்டை ஒட்டி, உலகத்திலேயே பிடித்த பாட்டு எது என்று நேயர்களிடம் வாக்கு கேட்டது. முதலிடம், அயர்லாந்தின் வுல்ஃப் டோன்ஸ் குழு பாடிய ஒரு விடுதலைப் பாட்டுக்கு. நான்காவது நம் 'ராக்கம்மா கையத் தட்டு'. ஐந்தாவதும் தமிழ்தான், 'பூவும் நடக்குது பிஞ்சும் நடக்குது' என்ற ஈழத்துப் பாட்டு. உலகம் முழுக்கப் பாடித் திரிந்த, குவீன் குழுவின் ஆங்கிலப் பாட்டு 'பொஹீமியன் ராப்சடி' பத்தாவது இடத்தில் நின்றது. அப்போது இதை வைத்துக் கேலி பேசியவர்கள் உண்டு. எனக்கு அது கேலியாகவே படவில்லை. ஐந்தாவது இடத்தைப் பார்க்கும்போதெல்லாம், ஊரை விட்டுப் போய் எங்கெங்கோ குளிர் தேசங்களில் உட்கார்ந்து அந்தப் பாட்டுக்கு வாக்குப் போட்டவர்களை நினைத்துக்கொள்கிறேன். எந்த விற்பனைப் பட்டியலிலும் அவர்கள் வந்திருக்க மாட்டார்கள்.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி. ஜனங்களின் ரசனை கெட்டுவிட்டது என்பது புதிய பேச்சு இல்லை. 1952ல் பி.வி. கேஸ்கர் மத்திய அரசின் தகவல் ஒலிபரப்பு அமைச்சராக வந்தார். சாஸ்திரிய இசையில் உண்மையான பிடிப்பு உள்ள மனிதர், வானொலியில் அதற்கு நிறையச் செய்தவரும்கூட. சினிமாப் பாட்டு ஜனங்களைக் கெடுக்கிறது என்று நினைத்தார். அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டு ஏறக்குறைய இல்லாமலே போயிற்று. ஜனங்கள் என்ன செய்தார்கள்? ரேடியோ முள்ளை இலங்கை வானொலிக்குத் திருப்பிவிட்டார்கள். அதே 1952ல்தான் இலங்கை வானொலியில் அமீன் சயானி இந்திப் பாட்டுகளை வரிசைப்படுத்திச் சொல்லும் 'பினாகா கீத்மாலா' தொடங்கியது. கடைசியில் அரசே இறங்கிவந்து 1957 அக்டோபரில் சினிமாப் பாட்டுக்கும் இடம் தரும் விவித்பாரதி ஒலிபரப்பைத் தொடங்கியது.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், நீங்கள் இன்றைக்கு நெஞ்சோடு அணைத்து வைத்திருக்கும் எண்பதுகளின் பாட்டும் சினிமாப் பாட்டுதான். கேஸ்கர் காதுக்கு அதுவும் கெட்டுப்போன ரசனையாகத்தான் இருந்திருக்கும். உங்கள் ரூம் நண்பர்களைப் பற்றி அந்த வார்த்தையைச் சொல்லாதீர்கள், தம்பி. அவர்களும் ஷிப்ட் முடிந்து வந்து ஒரு பாட்டுக்குள் தங்களை வைத்துக்கொள்கிறவர்கள்தான்.

எனக்கும் உங்கள் வயதுக்கு முன்னாலேயே இந்த வீம்பு இருந்தது. 1990ல் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தேன். தருமபுரி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு ரெக்கார்டிங் கடை. ஒரு ஆள் நுழைகிற அகலம்தான். சுவர் முழுக்க இசைத்தட்டு அட்டைகள். மேஜையில் இரண்டு டேப் டெக், பாட்டு ஓடும்போது அவற்றின் முள் துள்ளித் துள்ளிச் சிவப்புக் கோட்டைத் தொட்டுவிட்டு இறங்கும். வெற்றுக் கேசட்டும் பாட்டுப் பட்டியலும் கொடுத்தால் ஒரு வாரத்தில் பதிந்து தருவார்கள். "அறுபதா, தொண்ணூறா?" என்பதுதான் கடைக்காரரின் முதல் கேள்வி. அறுபது என்றால் பக்கத்துக்கு அரை மணி நேரம், ஆறு பாட்டு பிடிக்கும், நெருக்கிப் போட்டால் ஏழு.

என் பட்டியலைத் தயாரிக்க எனக்கு இரண்டு மாதம் ஆனது. கணக்கு நோட்டின் கடைசித் தாளில் எழுதுவேன், அடிப்பேன், திரும்ப எழுதுவேன். பஸ்ஸிலும் கல்யாண வீட்டுக் குழாய் ஸ்பீக்கரிலும் ஓடுகிற எதையும் சேர்க்கக் கூடாது என்பது என் சட்டம். பதிமூன்று பாட்டு தேறியது. கேசட்டை வாங்கப் போன அன்று கடைக்காரர் சாவகாசமாகச் சொன்னார், "தம்பி, நீ எழுதினதுல ரெண்டு பாட்டு நம்மகிட்ட இல்ல. பி சைடு கடைசியில கொஞ்சம் டேப் மிச்சம் இருந்துச்சு, இப்ப ஓடுற பாட்டு ஒண்ணு போட்டு விட்டிருக்கேன்."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. எந்தப் பாட்டு வேண்டாம் என்று இரண்டு மாதம் பாடுபட்டேனோ, அந்த மாதிரிப் பாட்டு. போதாததற்கு அது முழுசாகவும் இல்லை. கடைசிச் சரணத்தின் இரண்டாவது வரியில் டேப் தீர்ந்து, 'டக்' என்று பொத்தான் எகிறி நின்றுவிடும்.

அது புளிக் காலம். எங்கள் வீட்டுத் திண்ணையில் அம்மாவும் அக்காவும் பக்கத்து வீட்டுப் பெரியம்மாவும் உட்கார்ந்து புளி தட்டிக்கொண்டிருப்பார்கள். ஓட்டை உடைத்து, நாரை உரித்து, கல்லின் மேல் வைத்து ஒரு தட்டு, கொட்டை தெறித்து விழும். விரல் நுனியெல்லாம் புளி அரித்துச் சிவந்திருக்கும். கேசட் ஓடிக்கொண்டே இருக்கும். என்னுடைய பதினோரு அருமையான பாட்டுகளுக்கும் அவர்கள் வாய் திறந்ததே இல்லை. பி சைடு கடைசியில் அந்தப் பாட்டு வந்ததும் மூன்று பேருடைய தட்டும் தாளத்துக்கு வந்துவிடும். 'டக்' என்று நின்றதும் அம்மா, ராகத்தைக் கொஞ்சம் தப்பவிட்டு, மீதி வரிகளைத் தானே பாடி முடிப்பார். பஸ்ஸில் கேட்டுக் கேட்டு அவருக்கு மனப்பாடம். முடித்துவிட்டு, "அறுந்துபோச்சு பாரு, திருப்பிப் போடுடா" என்பார்.

இன்றைக்கு அந்தப் பாட்டு போனில் சுத்தமாக, முழுசாகக் கிடைக்கிறது. அந்த இரண்டாவது வரி வந்ததும் என் காது தானாக நின்றுவிடுகிறது. அதற்குப் பிறகு பாடகர் பாடுவது எனக்கு வேறு யாரோ பாடுவது போலத்தான் இருக்கிறது. கோடிப் பேர் கேட்ட பாட்டுதான் அது. அம்மாவின் குரலில் முடிகிற பாட்டு எனக்கு மட்டும்தான் இருக்கிறது. பொறுக்கி எடுத்த அந்தப் பதினொன்றில் நான்கைந்துதான் இன்று நினைவுக்கு வருகின்றன.

முதல் ஐம்பது உங்கள் மனசில் ஒட்டாததற்கு இதுவே காரணமாக இருக்கலாம். அவற்றை ஒரு வேலை மாதிரி வரிசையாகக் கேட்டிருக்கிறீர்கள். அவற்றோடு உங்களுக்கு இன்னும் எதுவும் நடக்கவில்லை. நடக்காமலே போனாலும் ஒன்றும் குறைந்துவிடாது.

உங்கள் கடிதத்தில் என்னை உண்மையிலேயே நிமிர்ந்து உட்கார வைத்தது தாத்தாவின் பதிவு. அதை நீங்கள் ஒரு வரியில் தாண்டிப் போய்விட்டீர்கள். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்தில் திரௌபதி அம்மன் கோயில் பாரதக் கூத்துக்கு விடிய விடிய உட்கார்ந்த ஜனத்தை யார் எண்ணினார்கள்? பாரதப் போரின் கடைசி நாளை நடத்திக்காட்டும் படுகளத்தன்று துரியோதனன் விழுவதைப் பார்க்க எத்தனை ஊர் திரண்டு நின்றிருக்கிறது! எந்தப் பட்டியலிலும் அது வராது. உங்கள் தாத்தா பாடியதை அத்தனை பேர் நேரில் உட்கார்ந்து கேட்டிருக்கிறார்கள். கேட்பார் இல்லாத பாட்டு என்று அதை நினைக்காதீர்கள்.

கூத்தில் ஒரு வேஷக்காரர் எப்படி உள்ளே வருவார் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு பேர் திரை பிடிப்பார்கள். ஆள் திரைக்குப் பின்னால் நின்று பாடுவார். கட்டியங்காரன் முன்னால் வந்து, வருவது யார், எந்த நாட்டு ராஜா, இப்போது என்ன சங்கடத்தில் இருக்கிறார் என்று பேசிப் பேசிக் கூட்டத்தைத் தயார் செய்வார். அதற்குப் பிறகுதான் திரை விலகும். நீங்கள் சனிக்கிழமை ராத்திரி கட்டியங்காரன் இல்லாமல் துரியோதனனை ரூமுக்குள் தள்ளிவிடுகிறீர்கள். அவர்கள் 'மாத்துடா' என்று சொல்லாமல் என்ன செய்வார்கள்?

அடுத்த சனிக்கிழமை நாற்பது நிமிடத்தையும் போடாதீர்கள். தாத்தாவின் குரல் நன்றாக எழும்புகிற மூன்று நிமிடத்தை மட்டும் வெட்டி எடுங்கள். போடுவதற்கு முன், இது யார், எந்த ஊர்த் திருவிழா, எத்தனை மணிக்குப் பாடியது, கதையில் அது எந்த இடம் என்று சொல்லுங்கள். ஓடாத படத்துப் பாட்டுக்கும் அதேபோல, அது உங்களிடம் எப்படி வந்து சேர்ந்தது என்று நாலு வார்த்தை. அப்புறம் அவர்கள் முறை வரும்போது, இந்தப் பாட்டு உனக்கு ஏன் பிடித்தது என்று ஒருவரிடமாவது கேளுங்கள்.

இன்னொன்று, இது அவசரம். என் கேசட் ஒரு மழைக்காலத்தில் பூஞ்சை பிடித்து, ஓட்டிப் பார்த்தபோது டேப் சுற்றிக்கொண்டு அறுந்துவிட்டது. அந்த 'டக்' இப்போது என் காதில் மட்டும்தான் இருக்கிறது. உங்கள் அப்பாவின் போன் பழசாக இருக்கும் என்று நினைக்கிறேன். இந்த வாரம் ஊருக்குப் போனால் அந்தப் பதிவை ஒரு பென் டிரைவிலும் கூகுள் டிரைவிலும் ஏற்றிவிடுங்கள். மிருதங்கம் யார், ஹார்மோனியம் யார், முகவீணை யார் என்று அப்பாவிடம் கேட்டு, தேதியோடு எழுதி வையுங்கள். வேலை முடிந்ததும் எனக்கு ஒரு வரி போடுங்கள்.

அன்புடன்.