500 கிராம் தேன் பாட்டில் ஏன் அவ்வளவு சின்னதாக இருக்கிறது? லேபிளில் உள்ள 'நிகர எடை' என்ன?

பாட்டில், மூடி எல்லாம் போக உள்ளே இருக்கும் தேனின் எடை மட்டும்தான் நிகர எடை. தேன் தண்ணீரைவிட ஏறக்குறைய 1.4 மடங்கு கனம். அதனால் 500 கிராம் தேனுக்குச் சுமார் 350 மில்லி இடம் போதும். ஒரு படி பொரியும் ஒரு படி அரிசியும் ஒரே எடையா இருக்கும்? அதே கணக்குதான். சூட்டில் தேன் கொஞ்சம் விரியும். அளவு மாறும், எடை மாறாது. எடை போட்டு விற்பதே நியாயம்.

பெங்களூரில் குடகுத் தேனை மொத்தமாக வாங்கி, வீட்டிலேயே பாட்டிலில் அடைத்து விற்கும் நம் ஆட்கள் சிலர் இங்கேதான் தடுமாறுகிறார்கள். அரை லிட்டர் பாட்டிலை நிரப்பி '500 கிராம்' என்று ஒட்டினால், கிட்டத்தட்ட 200 கிராம் இலவசமாகப் போகிறது! எடை போட்டு ஊற்றுங்கள். பாட்டில் துளி ஈரமில்லாமல் காய்ந்திருக்கட்டும், மூடி இறுக்கமாக இருக்கட்டும். தேன் காற்றிலுள்ள ஈரத்தையும் இழுக்கும், நீர் கூடினால் புளித்துவிடும். இந்திய உணவுத் தர விதிப்படி தேனில் நீர் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது.

லேபிளில் தயாரிப்பாளர் முகவரி, எம்.ஆர்.பி., தேதி, எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (இந்திய உணவுப் பாதுகாப்பு, தர ஆணையம்) எண் எல்லாம் வேண்டும். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தரக் கூடாது என்பதையும் போட்டுவிடுங்கள்.

அப்புறம், அந்த 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண்ணைப் பார்த்து 'அரசு சோதித்த தேன்' என்று பலர் நம்புகிறார்கள். அது உணவுத் தொழில் நடத்த வாங்கிய உரிமம் அல்லது பதிவின் எண், ஒவ்வொரு பாட்டிலையும் சோதித்ததற்கான சான்று அல்ல.