ஒத்தேயில் புதுப்பித்த ஸ்டூடியோ, 1,080 யூரோ: எடுக்கலாமா என்று கேட்ட தம்பிக்கு

தம்பி, மற்றவர்களுக்கும் புரியட்டும் என்று உங்கள் கேள்வியை ஒருமுறை சொல்லிவிடுகிறேன். கோயம்புத்தூரிலிருந்து வேலைக்கு பாரிஸ் வருகிறீர்கள், அலுவலகம் பாரிஸை ஒட்டிய புலோன் பிலான்கூரில். பதினாறாம் வட்டாரத்தில் ஒத்தேய் பக்கம் சாமான்களோடு ஒரு ஸ்டூடியோ பார்த்து வைத்திருக்கிறீர்கள்: 21 சதுர மீட்டர், ஆறாவது மாடி, அதுதான் கடைசி மாடி, முழுக்கப் புதுப்பித்தது, வாடகை 1,080. இன்னொரு பக்கம் வடக்குப் புறநகரான லா கூர்நெவில் நம் ஆட்களோடு 500 யூரோவுக்கு ஒரு அறை. எது நல்லது, பணக்காரப் பகுதியில் தனியாக இருந்தால் மனசு வாடிப்போகுமா என்று கேட்கிறீர்கள்.

என் பதில்: இடம் நல்ல இடம். ஆனால் அந்த வீட்டை அந்த வாடகைக்கு எடுக்காதீர்கள்.

முதலில் இடத்தைச் சொல்கிறேன். ஒத்தேய் 1860 வரை தனிக் கிராமமாக இருந்தது, அப்புறம்தான் பாரிஸோடு சேர்த்தார்கள். அந்த அமைதி இன்னும் இருக்கிறது. மிஷெல் ஆஞ்ஜ் ஒத்தேய் நிறுத்தத்தில் 9-ஆம் மெட்ரோ ஏறினால் பத்து நிமிஷத்தில் பிலான்கூர், வண்டி மாற வேண்டியதில்லை. லா கூர்நெவிலிருந்து 7-இல் வந்து 9-க்கு மாறி அலுவலகம் போய்ச் சேர ஒரு மணி நேரம் ஆகும், திரும்பி வர இன்னொரு மணி நேரம், அதுவும் குளிர்காலத்தில் இருட்டில் கிளம்பி இருட்டில் திரும்புவது. முதல் வருஷத்தில் உடம்பும் மனசும் களைத்துப்போவது இந்தப் பயணத்தில்தான், அதனால் அருகில் இருப்பதற்கு நான் நிறைய மதிப்புக் கொடுப்பேன்.

இனி வாடகை. 1,080-ஐ 21-ஆல் வகுத்தால் சதுர மீட்டருக்கு 51 யூரோவுக்கு மேல் வருகிறது. பாரிஸில் 2019 ஜூலையிலிருந்து வாடகைக்கு உச்சவரம்பு இருக்கிறது, தெரு, கட்டடம் கட்டிய காலம், அறை எண்ணிக்கை, சாமான் உண்டா இல்லையா என்பதைப் பொறுத்து அது மாறும், அரசு இணையதளத்தில் முகவரியைப் போட்டால் உடனே காட்டும். ஒத்தேயில் ஒற்றை அறைக்கு அந்த வரம்பு 51-ஐ விடக் கணிசமாகக் குறைவு. மிச்சத்தை வீட்டுக்காரர் 'கூடுதல் வாடகை' என்று ஒப்பந்தத்தில் தனியாக எழுதி, காரணமும் சொல்ல வேண்டும். பெரிய மொட்டைமாடி, ஜன்னலில் ஈஃபிள் கோபுரம் என்று அக்கம்பக்கத்து வீடுகளில் இல்லாத ஏதாவது இருந்தால் அது காரணம். புது டைல்ஸும் புது அலமாரியும் காரணமே இல்லை. கையெழுத்துப் போட்ட பிறகும் மூன்று மாதத்துக்குள் சமரச ஆணையத்தில் முறையிடலாம், ஆனால் முன்பே பேசிக் குறைப்பது நல்லது.

'புதுப்பித்தது' என்ற வார்த்தையை நம்பி யாரும் முடிவெடுக்காதீர்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்வேன். பாரிஸில் கடைசி மாடி ஸ்டூடியோக்களில் பல, அந்தக் காலத்தில் வேலைக்காரப் பெண்கள் தங்கிய சின்ன அறைகள் இரண்டு மூன்றை இடித்துச் சேர்த்தவை. தலைக்கு மேலே துத்தநாகத் தகடு. கோடையில் அது எப்படிக் கொதிக்கும் என்று கோயம்புத்தூர்க்காரருக்குச் சொல்ல வேண்டாம், ஆனால் இங்கே மின்விசிறியும் இருக்காது, ஏசியும் இருக்காது. 2019 ஜூலை 25 அன்று பாரிஸில் 42.6 டிகிரி. சுவருக்கு வெள்ளை அடித்து, தரைக்கு மரப்பலகை ஒட்டி, கூரைக்கு வெப்பத்தடுப்பு போடாமல் விட்டிருந்தால் நீங்கள் காசு கொடுப்பது வெறும் பெயிண்டுக்கு.

அதனால் முதலில் கேட்க வேண்டியது டிபிஇ என்ற எரிசக்தித் தரச்சான்று. ஏ முதல் ஜி வரை எழுத்து, ஏ மிக நல்லது, ஜி மிக மோசம். ஜி என்றால் 2025 ஜனவரியிலிருந்து புதிதாக வாடகைக்கு விடவே கூடாது. எஃப் என்றால் கூடுதல் வாடகை கேட்க முடியாது, உங்கள் பேரத்துக்கு அது பெரிய பலம். விளம்பரத்தில் எழுத்து இல்லையென்றால் காரணம் இருக்கும். கூரைக்கு உள்ளே என்ன போட்டார்கள், எந்த வருஷம், ரசீது இருக்கிறதா என்று கூச்சப்படாமல் கேளுங்கள்.

அப்புறம் வீட்டைப் பார்க்கும்போது குளியலறைக் காற்றுத்துளையில் ஒரு டிஷ்யூ தாளை வையுங்கள், ஒட்டி நின்றால் காற்றை இழுக்கிறது, விழுந்தால் உங்கள் குளியல் ஆவி முழுக்கச் சுவரில்தான் போய்ப் பூஞ்சையாகும். அலமாரிக்குப் பின்னால், வெளிச்சுவரின் கீழ்மூலையில் கைவைத்துப் பாருங்கள், புதுப் பெயிண்ட் ஈரத்தை ஆறு மாதம் மறைக்கும். கழிப்பறையை ஒரு தடவை ஃப்ளஷ் செய்யுங்கள். கரகரவென்று மோட்டார் சத்தம் வந்தால் அது அரைத்துத் தள்ளும் வகை, இரவு இரண்டு மணிக்கு அது ஓடினால் கீழ்வீட்டுக்காரர் எழுந்துகொள்வார், அமைதியான கட்டடத்தில் இது சின்ன விஷயம் இல்லை. மின் இணைப்பின் திறன் 3 கேவிஏ-வா 6-ஆ என்றும் கேளுங்கள், 3 என்றால் ஹீட்டரும் இன்டக்‌ஷன் அடுப்பும் சேர்ந்து ஓடும்போது மின்சாரம் துண்டிக்கும். சரிந்த கூரை என்றால் 1.80 மீட்டருக்குக் குறைவான உயரம் உள்ள இடம் பரப்பளவில் சேராது, 21 என்பது அதைக் கழித்தா கழிக்காமலா என்று பாருங்கள்.

சமையல் பற்றியும் சொல்ல வேண்டும். அடுப்பும் கட்டிலும் ஒரே அறையில். இந்தக் குட்டிச் சமையலறைகளில் இருக்கும் சிம்னி பெரும்பாலும் கரி வடிகட்டி வழியாகப் புகையை அறைக்குள்ளேயே திருப்பி விடுவதுதான், தாளிக்கும்போது ஜன்னலைத் திறந்துகொள்ளுங்கள், வாசல் கதவைத் திறக்காதீர்கள். அலுமினிய குக்கரைத் தூக்கிக்கொண்டு வராதீர்கள், இன்டக்‌ஷனில் சூடாகாது, இன்டக்‌ஷனுக்கு ஏற்ற எவர்சில்வர் குக்கராக வாங்கி வாருங்கள். மிக்ஸிக்கு அடியில் மடித்த துண்டு, இரவு பத்துக்கு மேல் அரைக்கவே வேண்டாம். நம் சாப்பாட்டை யாரும் குறை சொல்ல உரிமை இல்லை, ஆனால் மரத்தரைக் கட்டடத்தில் எல்லாச் சத்தமும் கீழே போகும், அதை மதித்து நடந்தால் நம்மையும் மதிக்கிறார்கள்.

தனிமைக்கு வருகிறேன். லிஃப்டில் போன்ழூர் என்று வணக்கம் சொல்வார்கள், அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள், அது வெறுப்பு இல்லை, அவர்கள் பழக்கம். நம் முகம் பார்க்கத் தோன்றினால் 9-இல் ஸ்ட்ராஸ்பூர் சன் தெனி, அங்கே 4-க்கு மாறி கார் து நோர், இறங்கி நடந்தால் லாச்சப்பல். கறிவேப்பிலை, முருங்கைக்காய், கொத்து ரொட்டி, மாணிக்க விநாயகர் கோயில் எல்லாம் அங்கேதான். ஞாயிற்றுக்கிழமை கடை திறந்திருக்கும், ஒத்தேயில் அன்று மதியத்துக்கு மேல் பெரும்பாலும் பூட்டுதான். வாரம் ஒருமுறை போய்வந்தால் வாடிப்போக மாட்டீர்கள் என்று உறுதியாகச் சொல்வேன். இரவு ஒன்பது மணிக்கு வேலை முடிந்து வரும் நாளில் அந்த அமைதி உங்களுக்குப் பெரிய வரமாக இருக்கும்.

பணம், காகிதம்: சாமானோடு உள்ள வீட்டுக்கு முன்பணம் அதிகபட்சம் இரண்டு மாத வாடகை, தரகர் இருந்தால் சதுர மீட்டருக்குச் சுமார் 15 யூரோ கட்டணம், அதற்கு மேல் கேட்டால் சட்டமீறல். ஜாமீன் ஆள் இல்லையே என்று பயப்படாதீர்கள், வயது 30-க்குள் என்றால் விசால் என்ற இலவச உத்தரவாதத்துக்கு விண்ணப்பியுங்கள். காலி செய்ய ஒரு மாத முன்னறிவிப்பு போதும். ஊரில் இருந்துகொண்டு, வீட்டைப் பார்க்காமல், 'பிடித்து வைக்க' என்று ஒரு யூரோகூட அனுப்பாதீர்கள், எவ்வளவு அழகான படம் காட்டினாலும் சரி. கம்பெனி தரும் முதல் மாதத் தங்குமிடத்தில் இருந்துகொண்டு நேரில் போய்ப் பாருங்கள். எரிசக்தி எழுத்து டி-க்குள் இருந்து, வாடகை வரம்புக்குள் வந்தால் அன்றே கையெழுத்துப் போடுங்கள், மறுநாள் வரை அது காத்திருக்காது. இல்லையென்றால் அதே ஒத்தேயில் முற்றம் பார்த்த மூன்றாவது மாடியில் பழைய டைல்ஸோடு ஏதாவது கிடைக்கும், அதைத் தேடுங்கள்.