சேவைச் சங்கத்தில் நான் முன்னால் நின்று செய்தும் யாரும் பின்னால் வரவில்லையே, ஏன்?

கேள்வியைச் சுருக்கமாகத் திரும்பச் சொல்லிவிடுகிறேன். ஒரு சிறிய தன்னார்வச் சங்கத்துக்கு நீங்கள் தலைவராகி நாலு மாதம் ஆகிறது. பதிவேட்டில் முப்பது பேர், வேலை நாளில் வருவது ஆறு பேர். "நீங்க முன்மாதிரியா இருந்தா மத்தவங்க தானா வருவாங்க" என்று எல்லாரும் சொன்னார்கள். நீங்களும் எல்லாவற்றையும் முதல் ஆளாகச் செய்துவிட்டீர்கள். இப்போது ஆறு பேர் நாலு பேராகிவிட்டார்கள். எங்கே தப்பு என்று கேட்கிறீர்கள்.

படித்ததும் சிரிப்பு வந்தது. உங்களை நினைத்து இல்லை, என்னை நினைத்து. நானும் ஒரு சங்கத்தில் இரண்டு வருடம் செயலாளர், ஒரு வருடம் தலைவர். இப்போது சாதாரண உறுப்பினர். தலைவராக இருந்த வருடத்தில் பேனர் கட்டியது நான், விளக்குமாறு சுமந்தது நான், அறிக்கை எழுதியது நான், கடைசியாகக் கதவைப் பூட்டியதும் நான். வருட முடிவில் வருகைப் பதிவைப் புரட்டினால் நான் பொறுப்பேற்றபோது வந்ததை விடக் குறைவான பேர்தான் வந்திருந்தார்கள்.

ஒரு காலை மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. ஒரு விளையாட்டு மைதானத்தைச் சுத்தம் செய்துகொண்டிருந்தோம். புதிதாகச் சேர்ந்த உறுப்பினர் ஒருவர், கணக்கர் வேலை பார்ப்பவர், சுவரோரம் சருகு பெருக்கிக்கொண்டிருந்தார். காற்றுக்கு எதிராகப் பெருக்கினார். கூட்டிய சருகில் பாதி அவர் காலுக்கே திரும்பி வந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. "விடுங்க சார், நான் பாத்துக்கறேன்" என்று விளக்குமாற்றை வாங்கி, காற்றடிக்கும் பக்கமாகச் சரசரவென்று பெருக்க ஆரம்பித்தேன். அவர் கொஞ்ச நேரம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். அப்புறம் போனை எடுத்துப் பார்த்தார். அப்புறம் மெதுவாக நகர்ந்து பேனர் பக்கம் போய் நின்றுகொண்டார். அங்கே ஏற்கெனவே மூன்று பேர் நின்றிருந்தார்கள்.

"பார், தலைவரே குனிந்து பெருக்குகிறார் என்று எல்லாரும் நெகிழ்ந்துபோய் நிற்கிறார்கள்" என்றுதான் அப்போது நினைத்தேன். சங்கத்தில் மூத்தவரான ஓர் அம்மா பக்கத்தில் வந்து சொன்னார்: "நீங்க நல்லா பெருக்குறீங்க. நாங்க நல்லா வேடிக்கை பாக்குறோம்."

அன்று கோபம்தான் வந்தது. அவர் சொன்னதில் இருந்த விஷயம் உறைக்க ரொம்ப நாள் ஆனது.

மனிதர்கள் தலைவரைப் பார்ப்பதை விட, பக்கத்தில் நிற்பவரைத்தான் அதிகம் பார்க்கிறார்கள். 1968-இல் பிப் லாட்டனே, ஜான் டார்லி என்ற இரண்டு உளவியலாளர்கள் செய்த ஒரு சோதனை இதற்குப் பேர்போனது. ஒருவரை அறையில் உட்காரவைத்துப் படிவம் நிரப்பச் சொல்லி, சுவரில் இருந்த ஓட்டை வழியாகப் புகையை விட்டார்கள். தனியாக இருந்தவர்களில் 75 சதவீதம் பேர் எழுந்துபோய்த் தகவல் சொன்னார்கள். கண்டுகொள்ளாமல் உட்கார்ந்திருங்கள் என்று முன்கூட்டியே சொல்லிவைத்த இரண்டு பேரோடு உட்காரவைத்தபோது, பத்துப் பேரில் ஒரே ஒருவர்தான் எழுந்தார். மற்றவர்கள் புகையைக் கையால் விலக்கிக்கொண்டு படிவம் நிரப்பினார்கள். என் மைதானத்தில் பேனர் பக்கம் நடந்ததும் இதுதான். நான் ஒருவன் பெருக்குவது அவர்களுக்கு முன்மாதிரி இல்லை. சும்மா நின்ற மூன்று பேர்தான் நாலாவது ஆளுக்கு முன்மாதிரி.

இதன் மறுபக்கமும் உண்டு. 1967-இல் ஜேம்ஸ் பிரையன், மேரி ஆன் டெஸ்ட் இருவரும் லாஸ் ஏஞ்சல்ஸ் சாலை ஒன்றில் டயர் பஞ்சரான காரோடு ஒரு பெண்ணை நிறுத்திவைத்து, எத்தனை பேர் வண்டியை நிறுத்தி உதவுகிறார்கள் என்று எண்ணினார்கள். இரண்டாயிரம் வண்டிகளில் 35 நின்றன. பிறகு, கொஞ்சம் முன்னாலேயே இன்னொரு பஞ்சரான காருக்கு யாரோ டயர் மாற்றிக்கொடுப்பது கண்ணில் படும்படி ஏற்பாடு செய்தார்கள். இப்போது இரண்டாயிரத்தில் 58 வண்டிகள் நின்றன. அங்கே டயர் மாற்றிக்கொண்டிருந்தவர் தலைவரோ பெரிய மனிதரோ இல்லை, வழியில் போன யாரோ ஒருவர். "இவர் செய்கிறார் என்றால் நானும் செய்யலாம்" என்று தோன்றவைக்கிற ஆள். இன்னொன்றையும் கவனியுங்கள். 58 என்பதும் மூன்று சதவீதத்துக்குக் கீழேதான். முன்மாதிரிக்குப் பலன் உண்டு, ஆனால் அது மந்திரம் இல்லை. முப்பது பேரும் திரண்டு வருவார்கள் என்ற எதிர்பார்ப்பை முதலில் குறைத்துக்கொள்ளுங்கள்.

ஆக, நீங்கள் செய்வது மற்றவர் பார்த்துச் செய்யக்கூடியதாக இருக்க வேண்டும். நாள் முழுக்க, வாரா வாரம், தனியாளாக எல்லாவற்றையும் இழுத்துப் போட்டுக்கொள்கிறவரை யாரும் பார்த்துச் செய்ய மாட்டார்கள். கும்பிடுவார்கள், அல்லது ஒதுங்கிக்கொள்வார்கள்.

அந்த மூத்த அம்மாவிடம் திரும்பி வருகிறேன். அவருக்குப் பதவி எதுவும் கிடையாது. அவராகவே எடுத்துக்கொண்ட வேலை கையுறைகள். துப்புரவு முடிந்ததும் எல்லாருடைய ரப்பர் கையுறைகளையும் வாங்கி, கழுவி, காயவைத்து, அடுத்த முறை ஜோடி சேர்த்துக் கொண்டுவருவார். ஒருநாள் அவருக்கு உடம்பு முடியவில்லை. "பையை நீங்க வாங்கிட்டுப் போங்க" என்று என்னிடம் கொடுத்துவிட்டார். வீட்டில் கொட்டிப் பார்த்தால் இடது கை உறைகள் ஏகப்பட்டது, வலது கை உறைகள் கொஞ்சம்தான். எல்லாரும் வலது கையால் கண்ணாடித் துண்டு, முள் எல்லாம் எடுப்பதால் அதுதான் முதலில் கிழிகிறது. போனில் கேட்டேன். "இடது உறையை உள்பக்கம் வெளியே வர்ற மாதிரி திருப்பிப் போடுங்க, வலது கைக்குச் சரியா வந்துடும்" என்றார். வந்தது. மூன்று வருடம் அதே சங்கத்தில் இருந்திருக்கிறேன். எனக்குப் போட்டுக்கொள்ளக் கையுறை எப்படி எப்போதும் இருந்தது என்று ஒரு தடவை கூட யோசித்ததில்லை.

அதற்கு அடுத்த மாதத்திலிருந்து கையுறை வேலையை நான் எடுத்துக்கொண்டேன். விளக்குமாற்றைத் தொடவில்லை. சுத்தம் முடிந்ததும் ஓரமாக வாளியோடு உட்கார்ந்துவிடுவேன். முதல் இரண்டு தடவை யாரும் எட்டிப் பார்க்கவில்லை. மூன்றாம் தடவை ஒரு கல்லூரிப் பையன் பேசிக்கொண்டே வந்து பக்கத்தில் உட்கார்ந்து, கையுறைகளைத் திருப்பிப் போட ஆரம்பித்தான். நான் கூப்பிடவில்லை. அது உட்கார்ந்து பேசிக்கொண்டே செய்யக்கூடிய, பத்து நிமிட வேலை. அவ்வளவுதான் காரணம்.

பெரிய சங்கங்களின் கதையிலும் இப்படி ஒன்று உண்டு. ரோட்டரியைத் தொடங்கியவர் பால் ஹாரிஸ் என்பது பலருக்குத் தெரியும். 1905 பிப்ரவரி 23-ஆம் தேதி சிகாகோவில், ஒரு சுரங்கப் பொறியாளரின் அலுவலகத்தில் கூடியது நாலே பேர். வழக்கறிஞரான ஹாரிஸ், அந்தப் பொறியாளர், ஒரு நிலக்கரி வியாபாரி, ஒரு தையற்காரர். முதல் தலைவர் ஹாரிஸ் இல்லை. நிலக்கரி வியாபாரியான சில்வெஸ்டர் ஷீல். ஹாரிஸ் தலைவரானது 1907-இல்தான். கூட்டத்தை ஒவ்வொருவர் இடத்திலும் மாற்றி மாற்றி நடத்தியதால்தான் ரோட்டரி என்ற பெயரே. அந்தச் சங்கம் ஊருக்காக முதலில் கையில் எடுத்த வேலை என்ன தெரியுமா? பொதுக் கழிப்பிடம். போலியோ ஒழிப்பெல்லாம் பல பத்தாண்டுகள் கழித்து வந்தது.

சரி, உங்கள் விஷயம். நடைமுறையில் எனக்குப் பலன் கொடுத்தவற்றைச் சொல்கிறேன்.

வாட்ஸப் குழுவில் "அனைவரும் வருக" என்று போடுவதை நிறுத்துங்கள். அனைவருக்கும் என்றால் யாருக்கும் இல்லை. தனித்தனியாகக் கூப்பிட்டு, "ஏழு மணியிலிருந்து எட்டு வரைக்கும் வாசலில் நின்று பெயர் எழுதிக்கொள்ள முடியுமா?" என்று கேளுங்கள். வேலை என்ன, எத்தனை மணிக்கு விடுவீர்கள் என்று இரண்டும் தெரிய வேண்டும். எட்டு மணி என்று சொன்னால் எட்டு மணிக்கு அனுப்பிவிடுங்கள், வேலை பாதியில் நின்றாலும் சரி. ஒருமுறை பத்து மணி வரை பிடித்துவைத்துவிட்டால் அந்த ஆள் அடுத்த மாதம் போனை எடுக்க மாட்டார்.

புகைப்படம் பற்றி ஒரே வரி: உதவி வாங்குகிறவர் முகத்தைப் படமெடுக்காதீர்கள், நீங்களும் நடுவில் நிற்காதீர்கள்.

பணத்தில் நான் செய்த தப்பு இதைவிடப் பெரியது. தாராளம் என்று நினைத்துக்கொண்டு வண்டி வாடகை, நோட்டீஸ் அச்சு எல்லாவற்றுக்கும் கைக்காசு போட்டேன். ரசீதும் கொடுக்கவில்லை, கணக்கும் கேட்கவில்லை. எல்லாரும் பாராட்டினார்கள். வருட முடிவில் அடுத்த தலைவருக்கு ஆள் தேடினால் யாருமே ஒத்துக்கொள்ளவில்லை. நல்ல உழைப்பாளி ஒருவர் தனியாகக் கூப்பிட்டு, "உங்களை மாதிரி செலவு பண்ண எனக்கு வசதி இல்லைங்க" என்றார். நான் காட்டிய முன்மாதிரி அவரை உள்ளே வரவிடாமல் செய்திருந்தது. அதற்குப் பிறகு சின்னச் செலவானாலும் ரசீது கொடுத்துப் பொருளாளரிடம் வாங்கிக்கொள்கிறேன். நன்கொடை தரத் தோன்றினால் தனியாக, சங்கத்து உண்டியலில். உங்கள் சந்தா பாக்கி இருந்தால் இன்றைக்கே கட்டிவிடுங்கள். பாக்கி வைத்திருக்கும் தலைவர் யாரிடமும் சந்தா கேட்க முடியாது.

கடைசியாக ரத்த தான முகாம். முன்மாதிரி என்றால் முதலில் நினைவுக்கு வருவது இதுதானே, தலைவர் முதல் ஆளாகப் படுத்து ரத்தம் கொடுப்பது. எனக்கும் அப்படித்தான் ஏற்பாடு. கேமரா தயார். விரல் நுனியில் குத்திப் பார்த்தார்கள். ஹீமோகுளோபின் போதவில்லை, இன்று எடுக்க முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நெளிந்துபோனேன். ஏதாவது சாக்குச் சொல்லி வெளியே போய்விடலாமா என்றுகூட ஒரு நிமிடம் யோசித்தேன். பிறகு என்ன நினைத்தேனோ, "எனக்கு ரத்தம் போதலைன்னுட்டாங்க" என்று எல்லார் காதிலும் விழும்படி சொல்லிவிட்டு, பதிவு மேசையில் உட்கார்ந்து படிவம் நிரப்பிக்கொடுக்க ஆரம்பித்தேன். மதியத்துக்கு மேல் இரண்டு உறுப்பினர்கள் வந்தார்கள். முகாம் என்றாலே வராதவர்கள். ஒருவருக்குத் தொடர்ந்து மாத்திரை சாப்பிடும் நோய், இன்னொருவர் எடை போதாதவர். "கொடுக்க முடியாதவங்க வந்தா இடைஞ்சல்னு நினைச்சோம்" என்றார்கள். அன்று மாலை வரை தண்ணீர் கொடுத்தது, கொடுத்துவிட்டு எழுந்தவர்களைக் கொஞ்ச நேரம் உட்காரவைத்தது, வரிசையைப் பார்த்துக்கொண்டது எல்லாம் அவர்கள்தான்.

ரத்த தானத்தில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. ஒருவர் ஒருமுறை கொடுத்தால் மறுபடி கொடுக்க, நாட்டுக்கு நாடு விதி மாறினாலும், எட்டு வாரத்திலிருந்து நாலு மாதம் வரை காத்திருக்க வேண்டும். எடுத்த ரத்தமும் காத்திருக்காது. சிவப்பணுக்களை அதிகம் போனால் ஆறு வாரம் வைத்திருக்கலாம், தட்டணுக்கள் ஒரு வாரம் தாங்குவதே பெரிய விஷயம். எவ்வளவு நல்ல தலைவராக இருந்தாலும் உங்கள் உடம்பால் வருடம் முழுக்க முன்மாதிரி காட்ட முடியாது. ஒரே நாளில் கூட்டம் சேர்த்துப் பெரிய எண்ணிக்கை காட்டுவதை விட, முப்பது பேரையும் மாதத்துக்குச் சிலராகப் பிரித்து ஒரு பட்டியல் போட்டுக்கொள்வது ரத்த வங்கிக்கு உபயோகம். அந்தப் பட்டியலை நீங்கள் எழுதாதீர்கள். வேறு யாரிடமாவது கொடுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று, எங்கள் கணக்கர் என்ன ஆனார் என்பது. மறுபடி அவரிடம் போய் விளக்குமாற்றைக் கொடுக்க எனக்கு எட்டு மாதம் ஆனது. மன்னிப்பு எல்லாம் கேட்கவில்லை. "சுவரோரம் உங்க பகுதி சார்" என்று மட்டும் சொன்னேன். இப்போது மைதான வேலை முழுக்க அவர் பொறுப்பு, ஏழெட்டுப் பேரைக் கூட்டிக்கொண்டு வருகிறார். போன வாரமும் காற்றுக்கு எதிராகத்தான் பெருக்கினார். அவரைப் பார்த்துப் புதிதாக வந்த இரண்டு பேரும் அப்படியே பெருக்கினார்கள். நான் இந்தப் பக்கம் உட்கார்ந்து கையுறை திருப்பிக்கொண்டிருந்தேன்.