பங்கருக்குள் இருந்தவர்களின் பிள்ளைகள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

மல்லாவியிலிருந்து எழுதுகிறேன். மகனுக்குப் பத்து வயது, இந்தமுறை ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சை. சித்திரைக் கடைசியில் கொரோனாவால் பள்ளிக்கூடம் மூடியது. ஆடியில் சேர்மாரும் சம்பளப் பிரச்சினையால் சூம் வகுப்பை நிறுத்திவிட்டார்கள். தனியார் வகுப்பு ஒன்றில் சேர்த்தேன். வீட்டில் ஒரே ஒரு போன், சிக்னல் முற்றத்து வேம்படியில்தான் வரும். ஊரடங்கால் இவருக்குக் கூலி வேலை இல்லை. மகன் இரவில் பயந்து எழும்புகிறான், சில நாள் பாயை நனைக்கிறான். கோபத்தில் அடித்துவிடுகிறேன். "நாங்கள் போர்க்காலத்தில் பங்கருக்குள் இருந்து படித்தவர்கள், உனக்கு என்ன குறை?" என்று கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். கடன் எடுத்தாவது படிக்க ஒரு டேப்லெட் வாங்கிக் கொடுக்கட்டா?

– ஒரு தாய், செப்டம்பர் 2021

அன்புள்ள தங்கச்சி,

டேப்லெட் வேண்டாம். நுண்கடன் எங்கள் பெண்களைப் படுத்திய பாடு உங்களுக்கே தெரியும். 2018இல் அரசாங்கமே ஒரு லட்சத்துக்கு உட்பட்ட கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அறிவிக்கும் நிலைக்கு வந்தது. திரும்பவும் அந்தக் கிணற்றில் இறங்காதீர்கள். புலமைப்பரிசிலையும் விடுங்கள். சித்தியடையாத பிள்ளையும் அடுத்த வருடம் ஆறாம் தரத்தில்தான் இருக்கும்.

உங்கள் கடிதத்தில் என்னை இருக்க விடாமல் செய்தது அந்தப் பங்கர் வசனம். இந்த ஒன்றரை வருடமாக வன்னியில் யாரோடு போனில் கதைத்தாலும் அது காதில் விழுகிறது. பட்டினியைக் கண்டோம், ஷெல்லைக் கண்டோம், இந்தக் கொரோனா எங்களுக்கு எம்மாத்திரம் என்கிறார்கள். பெரியவர்கள் தங்களுக்குள் அப்படித் தைரியம் சொல்லிக்கொள்ளட்டும். பத்து வயதுப் பிள்ளையிடம் சொன்னால், அவன் தன் பயத்தை வாய்விட்டுச் சொல்லும் உரிமையையே பறிக்கிறீர்கள். சொல்ல முடியாத பயம் இரவில் பாயில் வருகிறது. அது திமிர் இல்லை. அடித்தால் கூடும், குறையாது.

பங்கரில் நாங்கள் எப்படித் தாங்கினோம் என்பதை எல்லோரும் மறந்துவிட்டோம். 1996 ஆடியில் இலங்கை இராணுவத்தின் சத்ஜெய நடவடிக்கை தொடங்கியபோது கிளிநொச்சியே எழும்பி நடந்தது. நாங்கள் ஸ்கந்தபுரத்தில் ஒரு தறப்பாள் கொட்டிலில் ஒதுங்கினோம். அப்பாவுக்கு மலேரியா, நடுங்கிக்கொண்டு படுத்திருப்பார். மண்ணெண்ணெய் கிடைக்காது, ஜாம் போத்தல் விளக்குத்தான். அம்மா பூவரசம் கம்பால் எங்களை விளாசுவா. அரிசி இல்லாத கோபம், அப்பாவின் காய்ச்சல் கோபம் எல்லாம் அந்தக் கம்பில் இருந்தது. எங்கள் அழுகை கேட்டால் பக்கத்துக் கொட்டில் ஆச்சி வந்துவிடுவா. அம்மாவை ஒரு சொல் ஏசமாட்டா. "பிள்ளையளை நான் பாக்கிறன், நீ போய்த் தலையில தண்ணி வாரு" என்று சொல்லி எங்களைக் கூட்டிக்கொண்டு போவா. புளியங்கொட்டை தந்து விளையாட விடுவா. பின்னேரம் திரும்பி வந்தால் அம்மா வேறு ஆளாக இருப்பா. பள்ளிக்கூடம் மரத்தடியில் நடந்தது, கொப்பி இல்லாமல் மணலில் எழுதினோம். ஆனால் பக்கத்தில் எப்போதும் ஆட்கள் இருந்தார்கள்.

இந்த நோய் அதைத்தான் எடுத்துவிட்டது. ஷெல் விழுந்தால் ஆட்கள் ஒன்றாகச் சேர்வார்கள். இந்த நோய்க்கோ ஆளைக் கண்டால் விலகு என்கிறோம். கூட்டாளியின் மூச்சில் ஆபத்து, அம்மம்மாவின் மடியில் ஆபத்து என்று ஒன்றரை வருடமாகச் சொல்லி வளர்க்கிறோம். உங்கள் பங்கரில் இப்படி ஒரு பயம் இருந்ததா? இல்லை. பிறகு ஏன் ஒப்பிடுகிறீர்கள்? அவனுடைய பாரம் வேறு, அதற்கு உங்கள் தராசு உதவாது.

போரையும் சுனாமியையும் கண்ட வடபகுதித் தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகளைப் பற்றிய ஓர் ஆய்வு 2015இல் வெளியானது. தாய் தகப்பனின் அன்பையும் கவனிப்பையும் நிறைய உணர்ந்த பிள்ளைகளிடம் அந்தக் கொடுமைகள் பயமாகவும் மனச்சோர்வாகவும் தங்கியது குறைவு. பட்ட அடி ஒன்றுதான், வீடு எப்படி இருந்தது என்பதில் வித்தியாசம் வந்திருக்கிறது. உங்கள் கையில் இருப்பது சின்ன விஷயம் இல்லை, தங்கச்சி.

ஆனால் எல்லாவற்றையும் உங்கள் தலையில் மட்டும் கட்ட எனக்கு மனம் வரவில்லை. அவருக்கு வேலை இல்லை என்று எழுதினீர்கள். அப்படியென்றால் வீட்டில்தானே இருக்கிறார்? மகன் இரவில் எழும்பும்போது யார் எழும்புகிறார்கள்? நனைந்த பாயைக் காலையில் யார் காயப்போடுகிறார்கள்? வேம்படியில் போனைப் பிடித்துக்கொண்டு நிற்பது யார்? உங்கள் கடிதம் முழுக்க அவர் ஒரே ஒரு வரியில் வந்து போய்விட்டார். அடுப்பும் பாடமும் பாயும் ஒருத்தியின் தோளில் இருந்தால் அந்தக் கை ஓங்கத்தான் செய்யும். வேலை இல்லாத ஆம்பிளையின் மன வருத்தம் எனக்கு விளங்கும். அதற்காக மகனை விட்டு விலகி இருக்க முடியாது. ஒரு மாதத்துக்கு இரவில் அவர் மகனுக்குப் பக்கத்தில் படுக்கட்டும். பாயைப் பற்றி யாரும் ஒரு சொல்லும் பேசக் கூடாது. பகலில் இரண்டு ஊசியும் போட்ட உறவுக்காரர் யாராவது முற்றத்தில் மாஸ்க்கோடு இருந்து அவனோடு கதைக்கட்டும். அந்த நேரம் நீங்கள் போய்ப் படுங்கள், குளியுங்கள், எதுவும் செய்யாமல் இருங்கள்.

அதற்குப் பிறகும் இரவுப் பயம் நிற்காவிட்டால் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள், வெட்கம் வேண்டாம். கை ஓங்கும் நேரம் உங்களுக்கே பயமாக இருந்தால் 1926க்கு அழையுங்கள், அது மனநல உதவி இலக்கம்.

இந்தப் பதிலை அவரிடம் வாசிக்கக் கொடுங்கள். அவர் வாசிக்காவிட்டால் எனக்கு எழுதுங்கள், அவருக்குத் தனியாக ஒரு கடிதம் எழுதுகிறேன்.

அன்புடன்,
அக்கா