18 ஆசிரியர்கள், 4 சஞ்சிகைகள்

கேள்வி: மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையிலுள்ள பாடசாலையொன்றின் நூலகத்துக்குப் பொறுப்பாக இருக்கிறேன். 18 ஆசிரியர்கள் காசு சேர்த்து எடுக்கும் 4 மாதாந்தக் கல்விச் சஞ்சிகைகள் கைமாறிக் கைமாறிக் காணாமற் போகின்றன. ஆண்டிறுதிப் பொருட் கணக்கெடுப்பில் இவற்றுக்கு நான் பதில் சொல்ல வேண்டுமா?

பதில்: ஆசிரியர்கள் தங்கள் கைக்காசில் வாங்கிய சஞ்சிகை பாடசாலையின் உடைமையல்ல, ஆகவே அதை நூல் வரவுப் பதிவேட்டில் ஏற்ற வேண்டாம், பயப்படவும் வேண்டாம். ஒரு விலக்கு மட்டும் உண்டு. சந்தா குறைந்த மாதமொன்றில் பாடசாலை அபிவிருத்திச் சங்கம் மிச்சக் காசைப் போட்டிருந்தால், தொகை எவ்வளவு சிறிதானாலும், எது யாருடையது என்று பிறகு பிரிக்க முடியாது. அப்படி நடந்திருந்தால் அதிபருக்கு எழுத்தில் தெரிவித்து, அந்தச் சஞ்சிகையை முழுவதுமாகப் பாடசாலைக் கணக்கிலேயே வைத்துக்கொள்ளுங்கள். ‘நூறு ரூபாய்தானே’ என்று விட்டுவிட்டு, கணக்கெடுக்க வந்தவர்களின் முன்னால் பழைய பற்றுச்சீட்டைத் தேடி அலைந்தவர்களைக் கண்டிருக்கிறேன்.

சஞ்சிகை தொலைவதற்குக் காரணம் எவருடைய நேர்மையீனமுமல்ல, கைக்குக் கை கொடுக்கும் முறைதான். ஆளுக்கு 2 நாள் என்றாலும் 18 பேருக்கு 36 நாள் வேண்டும்; அதற்குள் அடுத்த இதழ் வந்துவிட, முந்தியது யாருடைய மேசை லாச்சியில் கிடக்கிறது என்பது எவருக்கும் நினைவிராது. புதிய இதழ் நூலக மேசையை விட்டு நகரக் கூடாது. அடுத்தது வந்த பின்னரே முந்தியதை இரவல் கொடுங்கள். வாசித்தவர் அதை அடுத்தவரிடம் நீட்டாமல் உங்களிடமே திருப்பித் தரட்டும். தடித்த அட்டை போட்ட சீ.ஆர். கொப்பியில் சஞ்சிகைக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, மாதத்துக்கு ஒரு கட்டம் போட்டு, வந்த திகதியையும் எடுத்தவரின் கையொப்பத்தையும் திருப்பிய திகதியையும் எழுதினாற் போதும். இதற்கென்று மென்பொருள் விற்க வருபவரைத் தேநீர் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

தேநீர்கூடக் கொடுக்கக் கூடாதவர் சந்தா முகவர். தவணை தொடங்கியதும் மோட்டார் சைக்கிளில் வந்து, ஆண்டுச் சந்தாவை முற்பணமாக வாங்கிக்கொண்டு, முகவரியில்லாத துண்டொன்றில் கையெழுத்து வைத்துவிட்டுப் போவார். நானும் ஒருமுறை ஏமாந்தேன்: இரண்டு இதழ்கள் வந்தன, இரண்டிலும் அட்டை மட்டுமே புதிது, உள்ளே இருந்தவை பழைய பாடத்திட்டத்தின் மாதிரி வினாக்கள், மூன்றாவதைக் கேட்க அழைத்தபோது தொலைபேசியை எடுக்க ஆளில்லை. பணத்தை வெளியீட்டாளரின் பெயருக்கே வங்கியிலோ காசுக்கட்டளையிலோ செலுத்துங்கள். இதழ்களைச் சேர்த்துக் கட்டித் தருபவரிடமும் எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குங்கள். மார்ச் இரண்டு முறை இருந்து யூலையே இல்லாத, ஓரம் வெட்டியதில் ஒவ்வொரு வரியிலும் கடைசி எழுத்துப் பறிபோன தொகுதியொன்று இன்னும் என்னிடம் இருக்கிறது.

நூலகத்துக்குச் சுற்றறிக்கை தவறாமல் வருகிறது, அலுமாரிதான் வருவதில்லை. நிதி கிடைத்தாலும், டிசம்பர் 31 இற்குள் செலவழித்துக் கணக்குக் காட்டு என்ற அவசரத்தோடு, வீதியில் வெள்ளம் நிற்கும் மாரியில்தான் வந்து சேர்கிறது. அதை எதிர்பார்த்திராமல் ஒக்டோபருக்குள் சஞ்சிகைகளைக் கீழ்த்தட்டிலிருந்து எடுத்து, சுவரில் முட்டாமல் மேலே அடுக்குங்கள். கறையான் ஏறுவது அந்தச் சுவர் வழியேதான்.